தாய்மாமன் தயாரித்த படம்

'கமிங் ஒஃப் ஏஜ்' படங்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதில் நாங்கள் ஒரு முழுப் பின்னேரத்தைச் செலவழித்தோம். 'பதின்பருவப் படங்கள்' என்றால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. 'வளரிளம் பருவம்' என்றால் சுகாதாரப் பாடத்தில் டீச்சர் அவசர அவசரமாக வாசித்துவிட்டுத் தாண்டிப்போகும் பக்கம் ஞாபகம் வருகிறது. சொல்லுக்குச் சொல் சரியாக வருவது 'வயசுக்கு வருதல்'தான். ஆனால் அதை வைக்கவே முடியாது. ஏனென்றால் தமிழில் பையன்கள் வயசுக்கு வருவதில்லை. மீசை முளைக்கும், குரல் உடையும், ஒரு நாள் அப்பாவின் செருப்பு காலுக்குச் சரியாகும். அதற்கெல்லாம் தேதி கிடையாது, யாரும் கார்ட் அடிப்பதும் இல்லை. பெண் பிள்ளைக்குத்தான் தேதி, நேரம், நட்சத்திரம் எல்லாம்.

பெயரை ஓரமாக வைத்துவிட்டுப் படங்களைப் பார்க்கத் தொடங்கினோம். பார்க்கப் பார்க்க அந்தச் சண்டைதான் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தது.

நாங்கள் ஆறு பேர். நாலு பேர் பெண்கள், ரெண்டு பேர் பையன்கள். பல்லேபொலயிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறவர்கள். இந்தப் பக்கம் தமிழில் படிக்கிற பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான் என்பதால் தமிழ், முஸ்லிம் என்றில்லாமல் சின்ன வயசிலிருந்தே ஒரே செட். இங்கே எழுதப்போகிற ஒரு படத்தைக்கூட தியேட்டரில் பார்க்கவில்லை. எல்லாமே ஒருவருடைய வீட்டு முன்னறையில், விசிறிச் சத்தம் வசனத்தை விழுங்கும் ஒரு பழைய லெப்டொப்பில். முற்றத்தில் மிளகு காய்கிற நாட்களில் வானம் இருட்டினால் படத்தை நிறுத்திவிட்டுப் பாயைச் சுருட்ட ஓட வேண்டும். அப்படித்தான் ஒரு படத்தின் கடைசிக் காட்சியை மூன்று தவணையாகப் பார்த்தோம்.

முதலில் பார்த்தது 'அழியாத கோலங்கள்'. பாலு மகேந்திரா நம்ம நாட்டுக்காரர் என்ற பெருமைதான் காரணம். மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939 இல் பிறந்தவர். பள்ளிக்கூடப் பையனாகச் சுற்றுலா போன இடத்தில், கித்துல்கலையில் டேவிட் லீன் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' படத்தை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். இயக்குநர் 'மழை' என்று சத்தம் போட்டதும் மழை கொட்டியதாம். அந்தக் கதையை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். தமிழில் அவர் இயக்கிய முதல் படம் இது, 1979 இல் வந்தது. கிராமத்தில் மூன்று பையன்கள், ஊருக்குப் புதிதாக வரும் ஒரு டீச்சர், ஷோபா. பையன்கள் மூவருக்கும் டீச்சர் மேல் சொல்லத் தெரியாத ஒரு பிரியம். மூவரில் ஒருவன் தண்ணீரில் மூழ்கி இறக்கிறான். தன் பிள்ளைப் பிராயத்திலிருந்து எடுத்ததுதான் இது என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். மட்டக்களப்பை அவர் அதில் காட்டவில்லை. ஆனாலும் அந்த ஆற்றங்கரையைப் பார்த்தபோது அது இங்கேயே எங்கோ இருக்கிற மாதிரித்தான் இருந்தது.

எங்கள் எல்லோருக்கும் பிடித்தது. சும்மா சுற்றுவதை அப்படி யாரும் காட்டி நாங்கள் பார்த்ததில்லை. கதை ஒன்றும் நகராது, பையன்கள் நடப்பார்கள், குளிப்பார்கள், எதையாவது பார்த்துச் சிரிப்பார்கள். வெயில் மாறிக்கொண்டே இருக்கும். படம் முடிந்து கொஞ்ச நேரம் எல்லோரும் பேசாமல் இருந்தோம். பிறகு எங்களில் ஒருத்தி கேட்டாள்: "இவனுங்க வயசுப் பொம்பளப் புள்ளைங்க அந்த ஊர்ல எங்க போனாங்க?"

கேட்டதோடு அவள் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விட்டாள். மிச்சப் பேர் அந்தக் கேள்வியோடு மாட்டிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு பார்த்த படங்களில் எல்லாம் நாங்கள் அந்தப் பிள்ளைகளைத் தேட ஆரம்பித்தோம். 'வாழை' 2024 ஆகஸ்டில் வந்தது. மாரி செல்வராஜ் தன் சொந்தக் கதையைத் தழுவி எடுத்தது. கடனுக்காகப் பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் வாழைத்தார் சுமக்கப் போகும் சிவனணைந்தான். அவனுக்கும் ஒரு டீச்சர், பூங்கொடி. நடன ஒத்திகைக்காக அவன் வேலைக்குப் போகாமல் நின்ற நாளில், தார் ஏற்றிய லொறி கவிழ்ந்து ஊரில் பாதி வீடுகளில் சாவு. அக்கா வேம்பும் அதில் போய்விடுகிறாள். எங்கள் வீடுகளில் தோட்டத்து வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கழுத்து நரம்பு புடைக்கச் சுமை தூக்குவதை அவர்கள் படமென்று பார்க்கவில்லை. எங்களில் ஒருவனின் பாட்டி பாதியில் எழுந்து வெளியே போனார். கேட்டால், "தெரிஞ்சதுதானப்பா, அத எதுக்கு உக்காந்து பாக்கணும்" என்றார்.

பெரிய படம்தான். ஆனால் வேம்புக்கும் சுமை இருக்கிறது, அவளுக்கும் மனதில் ஒருவன் இருக்கிறான். அவள் பக்கத்திலிருந்து இந்தக் கதை எப்படி இருந்திருக்கும் என்று படம் முழுக்க யோசிக்க வைத்துவிட்டு, அவளைத் தம்பியின் துக்கமாக ஆக்கிவிடுகிறது. இது குறை என்று சொல்ல வரவில்லை. தம்பி எழுதிய படம் தம்பியின் படமாகத்தானே இருக்கும்.

'ஜகாட்' மலேசியத் தமிழ்ப் படம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 கடைசியில் வெளிவந்தது. றப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அங்கிருந்து கிளம்பிய குடும்பங்கள் நகரத்து ஓரங்களில் குந்தியிருந்த 90களின் தொடக்கம். அப்போய் என்று ஒரு 12 வயசுப் பையன். கெட்டிக்காரன், குழப்படிக்காரன். அப்பா அடித்தே படிக்க வைத்துவிடலாம் என்று நம்புகிறவர். ஒரு சித்தப்பா ரவுடிக் கூட்டத்தில், இன்னொருவர் போதையிலிருந்து மீண்டு வந்தவர். படத்தின் பெயரே 'கெட்ட' என்று பொருள்படும் மலாய்ச் சொல்லின் பேச்சு வடிவம். நல்லவனாக இருக்கப் பார்க்கும் பையனை எல்லோரும் சேர்ந்து எப்படி 'ஜகாட்' ஆக்குகிறார்கள் என்பதுதான் கதை.

எங்களுக்கு அதில் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. மலாய்ச் சொற்கள் மட்டும் இடறும். லயம் என்ற சொல் அங்கேயும் லயம்தான், கங்காணி கங்காணிதான். ஒரே கப்பல் காலத்து மனிதர்கள். ஒரு கூட்டம் அங்கே இறங்கியது, ஒரு கூட்டம் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தது. அந்தப் படத்துக்கு அங்கே விருது கிடைத்ததும் ஒரு போராட்டம். மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களைத் தனியாக ஒதுக்கி வைக்கப் பார்த்தார்கள். கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு அதை மாற்றி, 2016 இல் சிறந்த மலேசியப் படம் என்ற விருது 'ஜகாட்'டுக்கே போனது. இலங்கையில் மலையகத்துப் பிள்ளை ஒன்றை நடுவில் வைத்து அப்படி ஒரு படம் வந்து, அது தேசிய விருது மேடை ஏறுவதை நினைத்துப் பார்த்தோம். நினைக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்போயும் பையன்தான்.

இந்த இடத்தில் எங்கள் இரண்டு பையன்களுக்கும் கொஞ்சம் கோபம் வந்தது. "எல்லாப் படத்தையும் கணக்கெடுக்கிற மாதிரியா பாக்கிறது?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. அவனுக்குப் பதில் சொல்லக் கிடைத்தது, யாரும் எதிர்பாராத விதமாக, ஒரு சிங்களப் படம்.

'கொலு ஹதவத்த', ஊமை இதயம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1968 இல் எடுத்தது. கருணாசேன ஜயலத்தின் நாவல். பள்ளிக்கூடத்தில் சுகத், தம்மி என்று இரண்டு பேர். விக்ரம போகொடவும் அனுலா கருணாதிலக்கவும். எங்கள் வீடுகளைச் சுற்றியிருக்கும் சிங்கள அம்மாமாருக்கு இந்தப் படத்தின் பெயரைச் சொன்னாலே முகம் மாறும். முதல் பாதி சுகத்தின் பாதி. தம்மியைப் பார்க்கிறான், பின்னால் போகிறான், அவளும் சிரிக்கிறாள், பிறகு திடீரென்று விலகிவிடுகிறாள். ஏன் என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தமிழ்ப் படமாக இருந்தால் இங்கே ஒரு சோகப் பாட்டு போட்டு, பெண்ணை நம்பாதே என்று நாலு வரி பாடி முடித்திருப்பார்கள். லெஸ்டர் படத்தைத் திருப்பிப் போடுகிறார். மறுபாதியில் அதே கதையைத் தம்மி சொல்கிறாள். அதே நாட்கள், அதே பள்ளிக்கூடம். ஆனால் அவளுக்கு வீட்டில் ஏற்கெனவே பேசி வைத்த ஒரு வாழ்க்கை இருக்கிறது. முதல் பாதியில் நாங்கள் விளையாட்டுக் குணம் என்று நினைத்த சிரிப்புக்கு இரண்டாம் பாதியில் வேறு அர்த்தம்.

அது சிலோன் தியேட்டர்ஸ் கம்பனிப் படம், சுயாதீனப் படம் இல்லை. ஆனால் பெண் பிள்ளைக்குப் பாதிப் படத்தை எழுதிக்கொடுத்த துணிச்சல் இன்றைக்கும் பல சுயாதீனப் படங்களுக்குக் கிடையாது. இலங்கைத் தமிழில் தேடினால் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' வருகிறது. 1977, காவலூர் இராசதுரையின் கதை. பொன்மணி வீட்டில் கடைசிப் பிள்ளை, அதிகம் பேசாதவள். சீதனமும் சாதியும் சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவள் சும்மா நிற்கிறாள், பிறகு ஒரு நாள் வீட்டை விட்டுப் போகிறாள். நாங்கள் அதை மரியாதையோடு பார்த்தோம். ஆனால் சிரிக்கும், சண்டை பிடிக்கும், கணக்குப் பாடத்தில் கொப்பியடிக்கும் ஒரு சாதாரணப் பிள்ளையை அதில் எதிர்பார்க்க முடியாது.

அப்போதுதான் தேத்தண்ணி போடப் போனவள் சொன்னாள்: "எங்க வீட்டுல ஒரு படம் இருக்கு. நான்தான் ஹீரோயின். மூணு மணி நேரம் ஓடும்."

அவளுடைய சடங்கு வீடியோ.

யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் ஒரு சாதாரணக் குடும்பத்துப் பதின்மூன்று வயசுப் பிள்ளையை நடுவில் வைத்து, கெமராமேன் வைத்து, லைட் பிடித்து, எடிட் பண்ணி, பாட்டுப் போட்டு எடுக்கிற ஒரே படம் அதுதான். தலைப்பு எழுத்து பொன் நிறத்தில் சுழன்று வரும். மேலே ட்ரோன் பறக்கும். சேலை கட்டத் தெரியாத பிள்ளைக்குச் சேலை கட்டி, கிரீடம் வைத்து, பல்லக்கு மாதிரி ஒன்றில் ஏற்றி ஹோலுக்குள் கொண்டுவருவார்கள். மெதுவாகத் திரும்பிப் பார்க்கச் சொல்வார்கள், அதை இன்னும் மெதுவாக்கி மூன்று தடவை போடுவார்கள். இங்கே சிங்கள வீடுகளிலும் நல்ல நேரம் பார்த்துத் தண்ணீர் வார்த்துப் பெரிதாகச் செய்வார்கள். அவர்களிடமும் இதே மாதிரி வீடியோ இருக்கிறது, பாட்டு மட்டும் வேறு. 'வயசுக்கு வருதல்' படம் தமிழில் இல்லை என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வீடு அலுமாரியில் கிடக்கிறது.

அவளே பென்டிரைவைக் கொண்டுவந்தாள், அவளே போட்டாள். பையன்கள் இரண்டு பேரும் எழுந்து போகவா என்று கேட்டார்கள். "பெனர்ல ஊரே பாத்துச்சு, நீங்க என்ன புதுசா பாக்கப் போறீங்க" என்றாள். உண்மைதான். சந்தியில் அவளுடைய ஆளுயரப் படத்தோடு பெனர் கட்டியிருந்தார்கள். ஸ்கூல் பஸ் தினமும் அதைத் தாண்டித்தான் போகும். அவள் திரும்பி வகுப்புக்கு வந்தபோது எதற்காக வரவில்லை என்று யாரும் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மூன்று மணி நேரத்தில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுகிற மாதிரி இருக்கும் இடங்களிலும் மேலே பாட்டு ஓடுகிறது. யார் யார் தட்டு தூக்கினார்கள், யார் எவ்வளவு மொய் வைத்தார்கள், கொழும்பிலிருந்து வந்த பெரியப்பா எந்த வேனில் வந்து இறங்கினார், எல்லாம் இருக்கிறது. தாய்மாமன் சீர் கொண்டுவருவது மட்டும் இருபது நிமிசம். மாமாதான் வீடியோவுக்குக் காசு கொடுத்தவர். அதனால் மாமா நடந்து வருகிறார், மாமா மாலை போடுகிறார், மாமா சிரிக்கிறார். "தயாரிப்பாளர்" என்றான் எங்களில் ஒருவன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவில் இல்லாததைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அதுதான் எங்களுக்கு உண்மையான படம். வீட்டின் ஒரு மூலையில் சேலையால் மறைத்து வைத்த இடம். பக்கத்தில் வேப்பிலையும் ஒரு இரும்புத் துண்டும். காலையில் பச்சை முட்டை, நல்லெண்ணெய். உளுந்தங்களி பிடிக்கும், அதனால் அது பரவாயில்லை. தனித் தட்டு. தம்பி வந்து எட்டிப் பார்த்தால் பாட்டி விரட்டுவார், ஏன் என்று அவனுக்கும் விளங்காமல் அழுவான். அந்தக் கிழமை கோட்ட மட்ட வலைப்பந்துப் போட்டி. அவள்தான் கோல் ஷூட்டர். டீமோடு போகவில்லை. வென்றார்களா தோற்றார்களா என்று கேட்டுச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. பதினாறு நாள் கழித்துத்தான் தெரிந்தது, முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டார்கள் என்று. "நான் இல்லாததாலதான் தோத்தாங்கன்னு நெனச்சப்போ கொஞ்சம் சந்தோஷமாவும் இருந்திச்சி" என்றாள்.

இந்த ஒரு வசனத்தை எழுதத் தெரிந்த திரைக்கதை ஆசிரியர் தமிழில் எத்தனை பேர்?

ஒன்றே முக்கால் மணி நேரம் போனபின் ஒரு இடம் வருகிறது. ஆரத்தி முடிந்து அடுத்த கூட்டம் மேடை ஏறுவதற்கு இடையில், அவள் தனியாக அந்தப் பெரிய கதிரையில் இருக்கிறாள். களைத்துப் போயிருக்கிறாள். நேராகக் கெமராவைப் பார்க்கிறாள். சிரிப்பு இல்லை. நாலு விநாடி இருக்கும். பிறகு யாரோ "தங்கச்சி, சிரிங்க" என்று சொல்லியிருக்க வேண்டும், சட்டென்று சிரிக்கிறாள். எடிட் பண்ணியவர் வெட்ட மறந்த நாலு விநாடி.

ஃபிரான்ஸ்வா த்ரூஃபோவின் '400 ப்ளோஸ்' பார்த்தவர்களுக்குத் தெரியும். 1959 இல் எடுத்தது. அந்தோன் என்ற பையன் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து ஓடி ஓடி, முதன்முதலாகக் கடலைப் பார்த்து, தண்ணீரில் கால் வைத்துவிட்டுத் திரும்பிக் கெமராவைப் பார்க்கிறான். படம் அங்கேயே உறைந்து நிற்கும். உலகத்தில் எத்தனையோ பேர் அந்தப் பார்வையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எங்கள் கூட்டாளி ஓடவில்லை, கடலும் இல்லை. அதே பார்வைதான்.

சுயாதீனப் படம் என்றால் என்ன என்று எங்களுக்குள் ஒரு தெளிவு வந்தது அதற்குப் பிறகுதான். சின்ன பட்ஜெட், தெரியாத நடிகர்கள், ஸ்டூடியோ இல்லை என்று பார்த்தால் சடங்கு வீடியோவும் சுயாதீனப் படம்தான். ஆனால் அதில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்று சொல்கிற ஆள் அந்தப் பிள்ளை இல்லை.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இருப்பது 'வில்லேஜ் ரொக்ஸ்டார்ஸ்'. அசாமில், சாய்கானுக்குப் பக்கத்தில் தன் சொந்தக் கிராமத்தில் ரீமா தாஸ் எடுத்தது. திரைப்படக் கல்லூரிப் பக்கம் போகாதவர். எழுத்து, இயக்கம், கெமரா, எடிட்டிங், தயாரிப்பு எல்லாம் அவரே. நடித்தது ஊர்ப் பிள்ளைகள். துனு என்ற பிள்ளைக்கு ஒரு கிட்டார் வாங்க ஆசை. அப்பா வெள்ளத்தில் போனவர், அம்மா தனியாக வளர்க்கிறாள். பையன்களோடு சேர்ந்து மரம் ஏறுகிறாள், ரெஜிபோமில் கிட்டார் வெட்டி இசைக்குழு நடத்துகிறாள். வெள்ளம் வரும், பயிர் போகும், மறுபடியும் நடுவார்கள். அவசரமே இல்லை. 2018 இல் இந்தியாவின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது.

அதில் துனு பெரியபிள்ளை ஆகிறாள். சடங்கும் நடக்கிறது. பெண்கள் சூழ்ந்து நிற்கிறார்கள், உடுத்தி விடுகிறார்கள். நாங்கள் நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம், இனி இவளுடைய படம் முடிந்தது என்று. சடங்கு முடிகிறது. அவள் திரும்பவும் மரத்தில் இருக்கிறாள். ஊர்ப் பெண்கள் வந்து, இனியும் பையன்களோடு சுற்றுவதா என்று சண்டைக்கு நிற்கிறார்கள். அம்மா மகள் பக்கம் நிற்கிறாள். அந்த அம்மாவைப் பார்த்து எங்களில் ஒருத்தி அழுதாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

ரீமா தாஸ் அடுத்து எடுத்த 'புல்புல் கேன் சிங்' இன்னும் கடினமான படம். பதினைந்து வயசுப் பிள்ளைகள் பையன்களோடு பேசிக்கொண்டிருந்ததற்காக ஊர்க் காவலர் வேஷம் போடும் கும்பலிடம் மாட்டுகிறார்கள். அதன் பிறகு நடப்பதை இங்கே சொல்லவில்லை. தனியாகப் பார்க்காதீர்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறோம்.

எங்களில் முஸ்லிம் பிள்ளை ஒருத்தி இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தாள். அவள் வீட்டில் பெனரும் இல்லை, வீடியோவும் இல்லை. "உம்மா ஒரு புதுச் சட்ட வாங்கித் தந்தாங்க. அவ்வளவுதான்" என்றாள். நாங்கள் பொறாமைப்பட்டோம். பிறகு சொன்னாள், அடுத்த கிழமை அவளுடைய சைக்கிளை நானாவுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று. யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிள் நிற்கிற இடத்தில் சைக்கிள் இல்லை. நானாவுக்கு அது கட்டை, முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும். ஆனாலும் அவர்தான் ஓட்டினார்.

அவளுக்காகத்தான் 'வாஜ்தா'வைத் தேடிப் பிடித்தோம். சவூதி அரேபியாவில் ஹைஃபா அல் மன்சூர் எடுத்து 2012 இல் வந்தது. முழுக்க முழுக்க அந்த நாட்டுக்குள்ளேயே எடுத்த முதல் முழுநீளப் படம். தெருவில் ஆண்களோடு நின்று வேலை வாங்க முடியாததால் வேனுக்குள் இருந்துகொண்டு வோக்கிடோக்கியில் இயக்கியிருக்கிறார். கதையோ, ஒரு பிள்ளைக்குச் சைக்கிள் வேண்டும். காசுக்காகக் குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்கிறாள். எங்கள் கூட்டாளி படம் முழுக்க முகத்தில் ஒரு சிரிப்போடு பார்த்துவிட்டு, "அவளுக்கு நானா இல்ல, அதான்" என்றாள்.

'ஃபன்னி போய்' பற்றியும் ஒரு வார்த்தை. ஷியாம் செல்வதுரையின் நாவலை தீபா மேத்தா 2020 இல் படமாக்கினார். அதில் வரும் தமிழ் உச்சரிப்பு எங்கள் காதில் முள்ளாகக் குத்தியது. அதைப் பற்றி நிறையப் பேர் அப்போதே எழுதிவிட்டார்கள். ஆனால் பெண் பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டு விளையாடிய சின்ன அர்ஜியைப் பிடித்துப் பையன்களின் கிரிக்கெட்டுக்கு விரட்டும் இடம் பொய்யில்லை. சேலை மறைப்பைப் பையன்களுக்கும் வேறு விதமாகக் கட்டுகிறார்கள். இதைச் சொன்னது எங்கள் பையன்களில் ஒருவன், மற்றவனைப் பார்க்காமல்.

போன வருசம் எங்கள் கூட்டாளியின் தங்கச்சிக்குச் சடங்கு வந்தது. அக்காவின் வீடியோவைப் பார்த்து நாங்கள் பேசியதெல்லாம் அவளுக்குத் தெரியும், சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தாள். அக்கா அவளிடம், வேண்டாம் என்றால் சொல்லு, நான் அம்மாவோடு பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். தங்கச்சி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "எனக்கு எல்லாம் வேணும். ட்ரோனும் வேணும்." அம்மா சிரித்துக்கொண்டே மாமாவுக்குப் போன் எடுத்தார்.

ஆக, ட்ரோன் வந்தது. பெனரும் வந்தது, முன்னையதை விடப் பெரிசு. ஆனால் அதற்கு முந்திய பதினைந்து நாளும் அக்கா தன்னுடைய போனைத் தங்கச்சியிடம் கொடுத்து வைத்திருந்தாள். பிடித்ததை எடு, பிடிக்காவிட்டால் அழித்துவிடு, வேறு யாருக்கும் காட்ட மாட்டோம் என்று பேச்சு. அவள் எடுத்ததில் பாதி கூரைத் தகடு. ஜன்னல் வழியாகத் தெரியும் மிளகுப் பாய், அதில் கோழி ஏறுவது, "ச்சூ" என்று அவள் குரல் மட்டும். முட்டையைப் பிடித்திருக்கும் பாட்டியின் கை. வட்ஸ்அப்பில் கூட்டாளி அனுப்பிய கணக்கு நோட்ஸை அவள் முழந்தாளில் வைத்து எழுதுவது, பிழைத்ததும் கெட்ட வார்த்தை ஒன்று. சேலை மறைப்பின் கீழ் தெரியும் தம்பியின் பாதங்கள். பாட்டி வருகிற சத்தம் கேட்டதும் அவை ஓடுவது.

எல்லாவற்றையும் சேர்த்து ஒன்பது நிமிசத்துக்கு வெட்டினோம். மாமா வீடியோ வருவதற்கு முதலே அவளுக்குப் போட்டுக் காட்டினோம். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னாள். ஒன்று எங்களுக்கு ரொம்பப் பிடித்த இடம், அழகான வெளிச்சம், கெஞ்சிப் பார்த்தோம். "இல்ல, எடுங்க" என்றாள். எடுத்தோம். கெட்ட வார்த்தை இருக்கட்டும் என்றாள். பிறகு, இதற்கு ஏன் பாட்டே போடவில்லை என்று கேட்டாள். இந்த மாதிரிப் படத்துக்குப் பாட்டு வேண்டாம், அந்தச் சத்தங்களே போதும் என்று நாங்கள் ஆறு பேரும் மாறி மாறி விளக்கினோம். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, விஜய் பாட்டு ஒன்றின் பெயரைச் சொன்னாள். எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்றும் சொன்னாள், கோழி ஏறுகிற இடத்தில்.